யாக்கோபு முன்னமே சொல்லிவைத்தான்

இந்த மாதம் என் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கை செய்துவிட்டு, அதிலே தேவன் எனக்குக் கற்றுத் தந்ததைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் வெள்ளகோவில் சபையிலே ஒரு மூத்த தாயார் இருந்தார்கள். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவிலும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேயிருப்பவர்கள். ஒருநாள் வீட்டு ஜெபம் முடிந்து புறப்படும்போது என்னை நிறுத்தி, "ஏனுங்க பாஸ்டர், எனக்கு முடியாமப் போயிருச்சுன்னா, குழாயெல்லாம் சொருகி இழுத்துக்கிட்டுக் கெடக்க வெச்சுராதீங்க. எங்க ஊட்டுலயே போகோணும். பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்றார்கள்.

நான் என்ன செய்தேன்? "அம்மா, அப்படிப் பேசாதீங்க, அது அவிசுவாசம்" என்று அதட்டி, தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

நாலு மாதம் கழித்து மூளையிலே ரத்தக்கசிவு. கோயமுத்தூரில் ஐ.சி.யு., வென்டிலேட்டர். இனி நினைவு திரும்பாது என்று டாக்டர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மகனோ, "கடைசி வரைக்கும் பாக்கோணும்" என்றார். மகளோ, "அம்மாவை ஊட்டுக்குக் கொண்டு போயிரலாம்" என்றார். இருவருக்கும் அன்பு இருந்தது. தாயின் மனசு மட்டும் இருவருக்கும் தெரியவில்லை. மகன் என்னைப் பார்த்து, "பாஸ்டர், அம்மா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்து நடந்ததைச் சொன்னேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்று அழுதார். ஒரு முடிவுக்கு வருமுன்னே, பதினேழாம் நாள், அந்தத் தாயார் அங்கேயே கர்த்தருடைய சமுகத்துக்குப் போய்விட்டார்கள். அண்ணனும் தங்கையும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க ஒரு வருஷம் ஆயிற்று.

பிரியமானவர்களே, ஆதியாகமம் 47-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யாக்கோபு வியாதிப்பட்டான் என்ற செய்தி 48-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னமே அவன் யோசேப்பை அழைத்து, தன்னை எகிப்திலே அடக்கம்பண்ணக் கூடாது என்று ஆணையிடச் செய்தான். 49-இல் மற்றப் பிள்ளைகள் அனைவருக்கும் அதையே கட்டளையிட்டான். 50-இல் யோசேப்பு பார்வோனிடம் உத்தரவு கேட்கும்போது, தகப்பன் வாங்கிய ஆணையைத்தான் எடுத்துச் சொன்னான். தகப்பனுடைய வார்த்தை மகனுக்குப் பெலனாயிற்று. சகோதரருக்குள்ளும் அதைப்பற்றி வழக்கு இல்லை. யாக்கோபு அவிசுவாசியா? இல்லவே இல்லை!

"எழுதி வைத்தால் தேவனுடைய கையைக் கட்டிப்போட்டது போல ஆகாதா?" என்று கேட்பீர்கள். எசேக்கியாவைப் பாருங்கள். வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தச் சொன்ன தேவனே, அவன் அழுது ஜெபித்தபோது 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அற்புதம் செய்கிறவருக்கு நம்முடைய ஒரு காகிதம் தடையாகுமா?

இன்றைக்கு நம் தேசத்துச் சட்டமும் இதற்கு வழி திறந்திருக்கிறது. 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு, கண்ணியமாய் மரிப்பதும் மனுஷனுடைய உரிமை என்று தீர்ப்பளித்து, 'லிவிங் வில்' என்னும் முன்கூட்டிய மருத்துவ விருப்பப் பத்திரத்தை ஏற்றுக்கொண்டது. முதலில் மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். வயதுவந்து, புத்தித் தெளிவோடு இருக்கிற எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசரிடம் சான்று வாங்க வேண்டும். நமக்காகப் பேசப்போகிறவர் பெயரையும் அதில் எழுத வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் ரத்து செய்யலாம்.

குணமாகும் நம்பிக்கை இல்லாமல், நாமே முடிவு சொல்ல முடியாத நிலைமை வந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அப்போதும் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். பத்திரம் இல்லாவிட்டாலும் குடும்பத்தார் சம்மதத்தோடு இதே வழி உண்டு. ஆனால் அந்தப் பாரம் முழுவதும் பிள்ளைகள் தலையில் விழும்.

ஒன்றைத் தெளிவாய்ச் சொல்கிறேன். ஊசி போட்டு உயிரை எடுப்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை, வேதத்திலும் இடமில்லை. சாவை இழுத்துக்கொண்டு போகும் கருவிகளை வேண்டாம் என்பது வேறு, சிகிச்சையே வேண்டாம் என்பது வேறு. வலிக்கு மருந்து, வாய்க்கு ஈரம், பக்கத்தில் ஜெபம் ஆகியவை கடைசி மூச்சுவரை உண்டு. வென்டிலேட்டர் வைத்துப் பிழைத்து எழுந்தவர்களும் உண்டு. ஆகவே எது வேண்டும், எது வேண்டாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டறிந்து எழுதுங்கள்.

தேவபிள்ளையே, இந்த வாரம் குடும்ப ஜெபம் முடிந்ததும் பாயைச் சுருட்டாதிருங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து உங்கள் மனசைச் சொல்லுங்கள். ஒருவரிடம் சொன்னால் போதாது, யாக்கோபைப் போல எல்லாரிடமும் சொல்லுங்கள். பிள்ளைகளே, பெற்றோர் இந்தப் பேச்சை எடுத்தால், என்னைப்போல அதட்டாதீர்கள், கேளுங்கள்.

நானும் என் மனைவியும் எங்கள் பத்திரத்தை எழுதிவிட்டோம். அதற்குப் பிறகும் தினமும் சுகத்துக்காகத்தான் ஜெபிக்கிறோம். ஜீவனும் மரணமும் அவர் கரத்தில் இருக்கிறது. அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்! மாரநாதா!