குயிலும் கொன்றையும்

சித்திரை பிறந்து இளவேனில் புகுந்தது. சென்னை மாநகரில் ஊர்திகளின் பேரொலி எழுமுன், வைகறையில் குயில் கூவுதல் செவிப்படுகின்றது. தெருவோரத்துப் புங்கு தளிரும் பூவுமாய் நிற்கின்றது, வேம்பு மணக்கின்றது, சரக்கொன்றை பொன்மாலை தூக்கினாற்போலத் தொங்குகின்றது. இவற்றைக் கண்டுங் கேட்டும் மகிழ்தல் சிவநெறி நிற்பார்க்குத் தகுமோ என்று அன்பரொருவர் எம்மை வினவினர். பூசைக்கு இருந்தவழித் தம் நெஞ்சம் குயிலோசையிற் சென்றமை பற்றி அவர் உண்மையாகவே வருந்தினராகலின், அவ்வினாவை எளிதென விடுத்தற்கில்லை.

அவர் தமக்கு அரணாகக் காட்டியது செருத்துணை நாயனார் வரலாறு. திருவாரூரில் பூமண்டபத்தின் பக்கத்தே வீழ்ந்து கிடந்த மலரை எடுத்து மோந்த அரசியின் மூக்கினை நாயனார் அரிந்தார்; அவள் கணவராகிய கழற்சிங்க நாயனாரோ, மலரை முன் எடுத்த கையையே துணித்தார். படிக்குந்தோறும் நடுக்கந் தரும் செய்தியே இது. ஆயினும், ஆண்டுக் குற்றமாயது மணமா, மணத்தை நுகர்ந்த முறையா? மணம் இழிந்ததாயின் அம்மலர் இறைவன் திருமுடிக்கு ஆகாதன்றோ! அவனுக்கென அமைந்ததைத் தனக்கென முற்படக் கொண்டமையே பிழையென்க.

இனி மயிலாப்பூரை நினைமின். என்பாய்க் குடத்துட் கிடந்த பூம்பாவையை ஆளுடைய பிள்ளையார் அழைத்தபோது, ஞான நுண்பொருள் எதனையும் எடுத்தோதினாரல்லர். திங்கள்தோறும் நிகழும் திருவிழாக்களைச் சொல்லி, இவற்றைக் காணாமலே போதியோ என்றுதான் வினவினார். கண் படைத்ததன் பயன் காண்டலே என்பது இதனாற் பெறப்படும். நாவரசரோ நீற்றறையின் வெம்மைக்கிடையே திருவடி நிழலுக்கு வீணையையும் மதியையும் தென்றலையும் இளவேனிலையும் வண்டு முரலுங் குளத்தையும் உவமை கூறினார். இளவேனிலை ஒருகாலும் நுகர்ந்தறியாதான் ஒருவனுக்கு அவ்வுவமை யாது உணர்த்தும்? ஐம்புலன்களையும் அடைத்து வைத்தலே சைவமென்பார் இதற்கு விடை கூறக் கடவர்.

உலகம் பொய்த்தோற்றமென்பது நம் கொள்கையன்று. தனு கரண புவன போகங்களை மாயையினின்றும் இறைவன் உயிர்களுக்கு ஆக்கித் தருகின்றான். விடியுமளவும் எரியும் விளக்குப் போல்வது அது என்றார் உமாபதி சிவாசாரியர். விளக்கைப் பழித்தலும் தவறு. விளக்கே ஞாயிறு எனக் கொள்ளுதலும் தவறு.

குயிலின் திறத்தில் ஒன்று சொல்லற்பாலது. கூவுவது கரிய உடலும் சிவந்த கண்ணுமுடைய சேவல். புள்ளிகளையுடைய பேடை தனக்கெனக் கூடு கட்டுவதில்லை. காக்கைக் கூட்டில் முட்டையிட்டுப் போகும். காக்கை அதனை அடைகாத்து, பொரித்த குஞ்சுக்கு இரையும் ஊட்டும். இதனைக் காணுந்தோறும் எமக்குச் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரமே நினைவில் எழும். அங்கே அரசகுமரன் வேடரிடை வளர்ந்து தன்னை வேடனென்றே கருதிக் கிடந்தாற்போல, உயிரும் ஐம்புலன்களிடை வளர்ந்து தன் முதலை மறந்து கிடக்கின்றது. ஆயினும் உவமை முற்றும் ஒவ்வாது. காக்கையால் வளர்க்கப்பட்டும் குயிற்குஞ்சு பருவம் வருங்கால் தன் இனத்துக் குரலையே எடுக்கும். உயிரோ, முதல்வன் குருவாய் எழுந்தருளி, நீ வேடனல்லை என உணர்த்தினாலன்றித் தன்னை அறியமாட்டாது. பறவைக்கு இயல்பாய் வருவது நமக்கு அருளாலன்றி வாராமை எண்ணுந்தோறும் நாணத்தக்கதே.

மற்றொன்றும் ஈண்டுக் கூறலாம். கோயில்களில் நாகலிங்கப்பூவைக் கண்டு உருகாதார் இலர். அம்மரம் தென்னமெரிக்க நாட்டினின்று வந்தது; திருமுறை ஆசிரியர்கள் அறியாதது. எனினும், அதன் மலரைக் கண்ட மாத்திரத்தே நம்மவர் இலிங்கமும் படமெடுத்த நாகமும் கண்டனர். சிவனை நினைக்கப் பழகிய கண் புதுமலரிலும் அவனையே நாடிற்று.

2016ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வர்தா புயல் இந்நகரில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்திற்று. அதன்பின் எம் தெருவில் நட்ட கொன்றைக் கன்றொன்று இவ்வாண்டே முதன்முறை பூத்துளது. வினவிய அன்பரை அதன்கீழ் அழைத்துச் சென்று இவையெல்லாம் கூறினோம். அவர் நெடுநேரம் அண்ணாந்து நோக்கினர்; பின்னர், குயில் கூவத் தொடங்கும் பொழுதே இனித் தாம் திருவைந்தெழுத்து எண்ணத் தொடங்கும் பொழுதாக வைத்துக்கொள்வதாகக் கூறினர். நாளை விடியலில் பூக்கூடையுடன் வருவதாகவும் சொல்லிச் சென்றனர்.