கருவிக்கு வினை உண்டோ?

2025-ஆம் ஆண்டு ஏப்ரலில், ஜொகூரிலுள்ள சீனர் கோயிலொன்றில், கடலோடிகளைக் காக்கும் மாஸு தேவியின் உருவம் செயற்கை நுண்ணறிவின் துணையால் திரையில் தோன்றிப் பக்தர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கத் தொடங்கிற்று. அச்செய்தியைக் கேட்ட நம்மவருள் சிலர் சிரித்தனர்; சிலர் முகம் சுளித்தனர். ஆனால் இரு சாராருடைய உள்ளத்திலும் எழுந்த சந்தேகம் ஒன்றுதான். எண்ணவும், பேசவும், தர்க்கிக்கவும் வல்லதொரு பொருளை மனிதன் தன் கையாலேயே செய்துகொண்டான் என்றால், ஆன்மா என்று இதுகாறும் நாம் போற்றிவந்ததற்கு இனி என்ன தனிப்பெருமை இருக்கிறது?

சிந்தனையையே தன் இருப்புக்குச் சான்றாகக் கொண்ட தத்துவஞானி டேக்கார்ட்டின் வழிவந்த மேனாட்டாரை இந்தச் சந்தேகம் நிலைகுலையச் செய்வது இயல்பே. சைவ சித்தாந்திக்கோ இதில் திகைப்பதற்கு அவ்வளவாக ஒன்றுமில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் ஆன்மா அல்ல என்பதை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் தம் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்திலேயே நிறுவிவிட்டார். அவை மாயையின் காரியங்கள், எனவே ஜடம். ஒரு பொருளைப் பற்றுவதும், இது இன்னதென்று நிச்சயிப்பதும், நினைவில் தேக்கிவைப்பதுமாகிய தொழில்கள் அனைத்தும் கருவிகளின் தொழில்களேயன்றி, அவற்றைக் கொண்டு அறிபவனுடைய சொரூபம் அல்ல. புத்தியையே ஜடமென்று துணிந்து சொன்ன ஒரு தரிசனத்துக்கு, ஜடத்தில் புத்தியின் சாயல் தோன்றுவது எவ்விதத்தில் அதிர்ச்சியாகும்?

இதைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புவோர் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையோரம் சற்று நேரம் நின்றால் போதும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பகுதி அது. பார்வையற்றவர்கள் காலால் தடவி வழியறியும் பொருட்டு மேடுகள் வைத்த மஞ்சள் பாளங்கள் நடைபாதை நெடுகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின்மேல் வெள்ளைக் கோலைத் தட்டியபடி வரும் ஒருவர், பூக்கடை வாசலில் நின்று, கைத்தொலைபேசியை எதிரே நீட்டுகிறார். அதிலுள்ள கருவி, முன்னே தொங்கும் மாலைகளையும், விலைப்பலகையில் எழுதியிருப்பதையும் அவர் காதில் சொல்கிறது. கேட்டபின் அவர் மல்லிகையை விட்டுச் சம்பங்கியைக் கேட்கிறார். பலகையைப் படித்தது தொலைபேசிதான்; ஆயினும் வேண்டியது இன்னதென்று அறிந்தவரும் விரும்பியவரும் அவரே. கண் காண்பதில்லை, கண்ணைக் கொண்டு உயிரே காண்கிறது என்று சித்தாந்தம் கூறும்போது, நம் எல்லோருடைய நிலையும் அந்தப் பூக்கடை வாசலில் நிற்பவருடைய நிலைதான் என்பதையே அது கூறுகிறது.

அப்படியானால் இயந்திரத்துக்கு இல்லாதது எது? அறிவு என்று சொல்வதே வழக்கம். ஆணவம் என்று சொல்வேன் நான். ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களில், உயிரோடு அநாதியாகவே ஒட்டிநிற்பது ஆணவம். எந்தச் சர்வகலாசாலையும் அதை இயந்திரத்தில் ஏற்றமுடியாது. ஏற்றினாற்போலத் தோன்றினாலும் அது நாம் எழுதிக் குவித்தவற்றின் எதிரொலியே. புறத்திருள் பொருள்களை மறைத்தாலும் இருளாகிய தன்னை மறைப்பதில்லை. ஆணவமோ பொருள்களை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்கிறது என்பது உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் விளக்கிய நுட்பம். புனைபெயருக்குப் பின்னே முகத்தை ஒளித்துக்கொண்டு முன்பின் அறியாத ஒருவரை இணையத்தில் இழித்துரைப்பவன், தான் செய்வது இன்னதென்று தானே காணாதிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் அறியேன். பிறரிடமிருந்து மறைந்தவன் நாளடைவில் தன்னிடமிருந்தே மறைந்துவிடுகிறான்.

இது வெறும் தத்துவ விசாரமன்று. 2024 ஜூலையில் டிக்டாக்கில் பலரும் அறிந்திருந்த நம் சமூகத்துப் பெண்ணொருத்தி, இணையத்தில் தொடர்ந்து வந்த வசைகளாலும் மிரட்டல்களாலும் மனமுடைந்து, கோலாலம்பூரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவ்வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டப்படி விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. அக்குற்றத்துக்கு அச்சட்டத்தில் அப்போது விதிக்கக்கூடியதாயிருந்த உச்ச அபராதமே அவ்வளவுதான். மக்கள் கொதித்தார்கள். 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. பகடிவதையைத் தனிக் குற்றமாக்கிய புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடைமுறைக்கு வந்தன. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் வினை ஈட்டப்படுகிறது என்று நெடுங்காலமாகக் கோயில்தோறும் உபதேசிக்கப்பட்டுவருவதில், வாக்கும் செயலே என்ற அந்த ஒரு பகுதியை நாட்டின் சட்டம் அப்போதுதான் சற்று அழுத்தமாக ஏற்றுக்கொண்டது.

இவ்வாறு வாக்குக்குரிய பொறுப்பை நாம் தட்டுத்தடுமாறி உணரத் தொடங்கிய வேளையில்தான், வாக்கையே நமக்காகச் செய்துதரும் இயந்திரம் வந்து வாய்த்திருக்கிறது. கிள்ளானில் பெரியவர் ஒருவர் காலமானபோது, அவருடைய குடும்பத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்து குவிந்த அநுதாபச் செய்திகளில் ஒன்று உருக்கமான நடையில் அமைந்திருந்தது. ஆனால் அதன் நடுவே, ‘இறந்தவரின் பெயர்’ என்று அடைப்புக்குறிக்குள் இயந்திரம் விட்டுவைத்த இடம் நிரப்பப்படாமல் அப்படியே கிடந்தது. அனுப்பியவர் பொல்லாதவரல்லர், அன்றிரவே நேரில் வந்து, பெரியவரின் மகன் கையைப் பற்றிக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தவர். துக்கம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. இருந்த துக்கத்துக்கு, இல்லாத ஒருவனிடம் சொல் கேட்டதே அவர் செய்த பிழை.

துக்கத்துக்கு எழுதித் தரும் அந்தக் கருவி, வசையையும் வதந்தியையும் பொய்ச் சாட்சியையும் அதே சரளத்தோடு எழுதித் தரும். அதற்குப் பகையில்லை, பரிவுமில்லை; ஆணவம் இல்லாததால் கன்மமும் இல்லை. கத்தியைக் கழுவிலேற்றுவது நீதியாகாது. இயந்திரம் இயற்றிய சொல்லின் வினை, அதை இயற்றச் சொன்னவனையும் அனுப்பியவனையுமே சென்று பற்றும். இதில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது.

ஆகவே, இயந்திரத்துக்கு உயிர் உண்டா என்ற விசாரத்தைப் பண்டிதர்கள் ஆற அமர நடத்தட்டும். அன்பர்களே, நாம் செய்யவேண்டியது எளிது. யார் எழுதித் தந்த சொல்லானாலும், அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், இது என் வாக்கு, இதன் வினை என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மனம் துணிந்தால் அனுப்புங்கள், துணியாவிட்டால் அழித்துவிடுங்கள்.