முந்தியவையும் பிந்தியவையும்: சிலந்திகள் எழுப்பும் ஓர் அறவினா

ஓரிடத்திற்கு முந்தி வந்தமை உரிமையாகுமா? பிந்தி வந்தமை குற்றமாகுமா? மெய்யியலாருக்கே உரியதாகத் தோன்றும் இவ்வினாவை உயிரியலாளரும் எதிர்கொள்கின்றனர். ஒரு பிரதேசத்தின் உயிர்களைச் சுதேச இனம், ஆக்கிரமிப்பு இனம் என அவர்கள் வகுக்கும்போது, விவரணத்தோடு மதிப்பீடும் கலந்துவிடுகின்றது. முன்னதைக் காத்தல் வேண்டும், பின்னதை நீக்கல் வேண்டும் என்னும் கட்டளை அச்சொற்களினுள்ளேயே அடங்கியிருக்கின்றது. அக்கட்டளையின் நியாயத்தை ஆராய்வதற்குச் சிலந்தியினம் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும்.

சிலந்தி இயல்பிலேயே ஒரு பயணி. இளஞ்சிலந்திகள் பல, நூலிழையைக் காற்றில் விடுத்து அதன் துணையாற் பறந்து செல்வன. 1832 இல் தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 60 மைல் தொலைவில், பீகிள் கப்பலில் இவ்வாறு வந்திறங்கிய ஆயிரக்கணக்கான சிலந்திகளைச் சார்ள்ஸ் டார்வின் கண்டார். 1883 இல் எரிமலை வெடித்துப் பாழான கிரக்கட்டோவாத் தீவுக்கு மறு ஆண்டு சென்ற ஆய்வாளர் அங்கு கண்ட ஒரேயோர் உயிர், வலை பின்னிக்கொண்டிருந்த மிகச் சிறிய சிலந்தியே. அத்தீவின் முதற்குடியும் அதுவே, வந்தேறியும் அதுவே. ஆகவே, முந்தியது பிந்தியது என்பது கால அளவின் வேறுபாடேயன்றி, உயிரின் தகுதி வேறுபாடன்று.

அவ்வாறாயின், இப்பாகுபாடு முற்றிலும் பொருளற்றதோ எனின், அன்று. நியூசிலாந்தின் கடற்கரை மணற்குன்றுகளில் வாழும் கற்றிப்போ என்னும் சிலந்தி உலகில் வேறெங்கும் இல்லாதது. மாவோரி மொழியில் அப்பெயர் 'இரவிற் கொட்டுவது' எனப் பொருள்படும். அருகிவந்த அவ்வினத்துக்கு 2010 இல் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. அது வாழ்ந்த குன்றுகள் சிலவற்றில் இன்று வாழ்வது, தென்னாபிரிக்காவிலிருந்து வந்த 'போலிக் கற்றிப்போ'. சுதேசச் சிலந்தி பருவத்தில் மட்டும் இனம் பெருக்க, வந்த சிலந்தியோ ஆண்டு முழுவதும் பெருக்குகின்றது. எனவே புயல் குன்றுகளை அழித்தபின், வெற்றிடத்தை அதுவே விரைந்து நிரப்புகின்றது. 1980களின் தொடக்கத்தில் அங்கு இனங்காணப்பட்ட அவுஸ்திரேலியச் செம்முதுகுச் சிலந்தியின் ஆண், கற்றிப்போவின் பெண்ணோடு கூடிக் கலப்பினத்தைத் தோற்றுவிக்கவும் வல்லது. நியூசிலாந்தில் இவ்விரு வந்தேறிகளும் நீக்கப்படினும் அவை தத்தம் தாயகத்தில் வாழும். கற்றிப்போ அழியின் உலகிலிருந்தே அழியும். பாதுகாப்பின் நியாயம் இம்மீளா இழப்பிலேயே தங்கியுள்ளது. முதற்குடி என்னும் பெருமையில் அன்று.

இனி, குற்றம் யாருடையது என்பதை நோக்குதல் வேண்டும். கற்றிப்போ வலை பின்னுவதற்கு அடர்த்தி குறைந்த செடிகளும் அவற்றிடையே திறந்த மணலும் தேவை. மணல் நகர்வதைத் தடுக்கும் பொருட்டு, ஐரோப்பாவுக்குரிய மர்ராம் புல்லைக் குடியேறிய மனிதர் அங்கு நட்டனர். அப்புல் அடர்ந்து மணலை மூடியது. கற்றிப்போ தன் வாழிடத்தை இழந்தது. புல்லை நட்டது எச்சிலந்தியும் அன்று. அயற் சிலந்திகளைக் கடல் கடத்தியதும் மனிதனின் வணிகமும் போக்குவரத்துமே. கருத்தின்றிச் செய்யும் செயலுக்குக் குற்றம் இல்லை என்பது அறநூலாரும் சட்டவியலாரும் பொதுவாக ஏற்கும் கொள்கை. 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லோ, நோக்கமற்ற ஓர் உயிருக்கு நோக்கத்தைக் கற்பித்து, உண்மைக் காரணனை மறைத்துவிடுகின்றது. அயலினத்தை அகற்ற நேரின், அது தண்டனையாகாது. தான் விளைத்த கேட்டுக்கு மனிதன் ஆற்றவேண்டிய பரிகாரமே ஆகும். அப்பரிகாரம் புல்லை அகற்றி மணற்குன்றை மீட்பதிலிருந்து தொடங்குவதே முறை.

இச்சொற்கள் உயிரியலின் எல்லையைக் கடந்து மனித சமுதாயத்தினுட் புகும்போது தோன்றும் தீங்கு பெரிது. மனிதர் யாவரும் ஓரினத்தவர். அவர்களுட் சிலந்தியினங்களுக்கிடையே உள்ளது போன்ற வேறுபாடு இல்லை. பேச்சும் சட்டமும் உடன்பாடும் கொண்டு இடத்தைப் பகிரும் ஆற்றலும் அவர்களுக்கு உண்டு. ஒரு மக்கட் கூட்டத்தை 'வந்தேறிகள்' என இகழ்வோர் இயற்கை விதியைத் தம் துணைக்கு அழைப்பராயின், இயற்கை அவர்களுக்குச் சான்று பகராது. கிரக்கட்டோவாவின் அச்சிறு சிலந்தி எவரிடமிருந்தும் உரிமை பெற்று வரவில்லை. தனக்குப் பின் வந்தவற்றை நோக்கி உரிமை கொண்டாடவும் இல்லை.