கட்டி வைப்பதற்கு அளவு உண்டா?

பேகம்பூரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின்னர், முதியவர் ஒருவர் நம்மருகே வந்தமர்ந்தார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “ஹஜ்ரத், பெற்ற மகனைக் கட்டி வைத்தால் அல்லாஹ்விடத்தில் குற்றமாகுமா?” என்று கேட்டார். மகனுக்குப் புத்தி பேதலித்து மூன்றாண்டுகளாம். இரவில் எழுந்து சாலைக்கு ஓடுகிறான். ஒருமுறை தாயையும் அடித்துவிட்டான். இப்போது காலில் சங்கிலி.

நாம் உடனே விடை கூறவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் இதே கேள்வியை வேறொருவர் கேட்டபோது, “பாதுகாப்புக்குத்தானே, தவறில்லை” என்று சொல்லியனுப்பியவர்கள் நாம். எத்தனை நாளைக்கு என்று அன்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கேளாமல் விட்டது எத்தகைய பிழை என்பது ஏர்வாடிச் செய்தி வந்தபோதுதான் நமக்கு விளங்கிற்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், தர்காவை அண்டித் தனியார் நடத்திவந்த மனநோயாளர் விடுதியொன்றின் கூரைக்கொட்டகையில் தீப்பிடித்தது. அங்கிருந்தோரிற் பெரும்பாலோர் சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவரல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. நம்மைப் போன்றோரிடம் கேட்டுவிட்டு வந்தவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? உறங்குபவர் விழிக்கும் வரையிலும், சிறுவர் பருவமடையும் வரையிலும், புத்தி சுவாதீனமற்றவர் தெளியும் வரையிலும் அவர்கள்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபிமொழியின் கருத்து. குற்றமே எழுதப்படாதவனுக்குத் தண்டனை எங்ஙனம் பொருந்தும்? தாயை அடித்ததற்காகக் கட்டினேன் என்று ஒரு தந்தை சொல்வாராயின், அங்கேயே அவர் வழுவிவிட்டார்.

ஆயினும் ஓடும் பேருந்தின் முன் பாய்பவனைப் பிடித்து நிறுத்தாதிருப்பதும் இரக்கமாகாது. ஆகவே நிர்ப்பந்தம் என்னும் வாயில் திறந்தே இருக்கிறது. அந்நிர்ப்பந்தம் எந்த அளவோ அந்த அளவுக்கே சலுகையும் உண்டு என்று பிக்ஹு கலை வல்லோர் வரையறுத்தனர். பசியால் உயிர் போகும் நிலையில் ஹராமானதை உண்பவன் வயிறு நிறைய உண்ண உரிமை பெற்றவனல்லன். ஒரு நாழிகை வெறிக்கு ஒரு நாழிகைக் கட்டு; மூன்றாண்டுச் சங்கிலிக்கு எந்த நிர்ப்பந்தத்தைக் காட்டுவது? அது பெரும்பாலும் நமது உறக்கத்திற்காகவும், அண்டை வீட்டார் காணக்கூடாதே என்ற வெட்கத்திற்காகவும் இடப்படுவது. பூனையொன்றைக் கட்டிப்போட்டு, தானும் உணவளியாமல், அது தானே இரை தேடவும் விடாத பெண்ணின் கதியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நண்பரொருவர் படித்துக் காட்டியபோது, நாம் ஓதிய கிதாபுகளின் வாடையே அதில் வீசக் கண்டோம். சங்கிலியிடுதல் எவ்வகையிலும் கூடாது. தனியறையில் அடைத்தலும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் மருத்துவமனையில் உடலைக் கட்டுப்படுத்தலாம்; அதற்கும் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். காரணமும் நேரமும் உடனே எழுதப்பட வேண்டும். நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைக் காட்டியோ கட்டுதல் ஆகாது. கடைசியாகச் சொன்ன அந்த விதியே நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. வீட்டில் ஆளில்லை என்பதுதானே நாம் எல்லோரும் சொல்லும் காரணம்!

பண்டைய பீமாரிஸ்தான்களின் பெருமையை மேடைகளில் நாம் விரித்துரைப்பதுண்டு. அது உண்மையே. எனினும் 12ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் சென்ற இப்னு ஜுபைர், அங்கு சித்தம் கலங்கியோர் சங்கிலியிற் கட்டப்பட்டிருந்ததையும் எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை.

முதியவரிடம் இவற்றுள் சிலவற்றைச் சொன்னோம். மருந்து இன்றியமையாதது, துஆ அதற்குத் தடையன்று என்றும் சொன்னோம். அவர் கேட்டார்: “சங்கிலி வேண்டாம், ஹஜ்ரத். அறையிலே விட்டுப் பூட்டிக்கொள்ளலாமா?” பூட்டுக்குப் பெயர்போன ஊரில் இக்கேள்விக்கு விடை கூறுவது எளிதாயில்லை. இரவில் வாசற்கதவைப் பூட்டி அவனோடு தாங்களும் உள்ளே உறங்குவது வேறு, அவனை மட்டும் உள்ளே வைத்து வெளியே பூட்டுவது வேறு என்றோம். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார்.

மறுவாரம் மகனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நாமும் உடன் சென்றோம். சங்கிலியைக் கழற்றியபின் கணுக்காலில் இருந்த தழும்பைக் கண்டு, இது எத்தனை நாளாக என்று மருத்துவர் கேட்டார். தந்தை நம் முகத்தைப் பார்த்தார்.