திரும்பி வராதவன் கணக்கு

பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடிய பழைய பெர்ரிகளில் போய்வந்த சகோதரர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகமிருக்கும். கட்டணம் பட்டர்வொர்த் துறையில் மட்டுமே வசூலிக்கப்பட்டது. தீவிலிருந்து புறப்படுகிறவரை யாரும் ஒரு காசு கேட்டதில்லை.

வியாபாரிகளாகிய நமக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். பட்டர்வொர்த்துக்காரர் முன்பணம் கட்டிப் போகிறார். பினாங்குக்காரர் கடனில் போய், திரும்பும்போது அடைக்கிறார். தீவுக்காரர் திரும்பித்தானே ஆகவேண்டும் என்ற நம்பிக்கையின் பேரில் நடந்த ஏற்பாடு அது. (1985-ல் திறந்த பாலத்திலும் தீவுக்குப் போகிற பக்கத்தில்தான் சுங்கம்.) அப்படியானால் திரும்பி வராதவன் கணக்கு என்ன? கேளாத கடனும் கடன்தானா?

இது நமக்கு வெறும் தர்க்கமல்ல. 1996-ல் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, ஒரு மாலை பெட்டியுடன் பெர்ரி ஏறினோம். கீழ்த்தட்டில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும்; மேலே நல்ல காற்று. பட்டர்வொர்த்தில் இறங்கினால் பக்கத்திலேயே ரயில் நிலையம். அன்று ஜார்ஜ் டவுனில் நாம் சாப்பிட்டு வந்த கடையின் பற்று நோட்டில் நம் பெயருக்கு நேரே 43 வெள்ளி நின்றது. கடைக்காரரிடம் சொல்லிக் கொள்ளவில்லை. அவரும் கேட்கவில்லை, பெர்ரிக்காரரும் கேட்கவில்லை என்று மனம் நியாயம் பேசியது. கேட்பதற்கு அவருக்கு நாம் இடம் கொடுத்தோமா என்பதை மட்டும் அது பேசவில்லை.

2007-ல்தான் திரும்பிப் போனோம். பட்டர்வொர்த்தில் 1 வெள்ளி 20 காசு கட்டி அக்கரை சேர்ந்தால், கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். பெரியவர் மௌத்தாகி மூன்று வருஷமாம். விசாரித்து மகனைக் கண்டுபிடித்தோம்.

“விடுங்கண்ணே, கடைய மூடுறப்பவே அத்தா அந்த நோட்டெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டாங்க” என்றார்.

அது மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள் நண்பர்கள் சிலர். நமக்குச் சம்மதமில்லை. கிழிந்தது காகிதம். மன்னித்தேன் என்று சொல்லும் உரிமை கொடுத்தவருக்கு உரியது. வாங்கியவன் அதைத் தானே யூகித்துக்கொள்வது, தன் கடனுக்குத் தானே ரசீது எழுதிக்கொள்வதைப் போன்றது. பெரியவர் போனபின் அந்த உரிமை பிள்ளைகளைச் சேர்ந்தது. பதினோரு வருஷத்தில் பணத்தின் பெறுமதி குறைந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது என்பது இன்னும் நமக்குத் தெளியாத கேள்வி.

43 வெள்ளியை எண்ணி வைத்தோம். மகன் வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு எடுத்துப் பையில் போட்டார். பிறகு இரண்டு தேத்தண்ணீர் வரவழைத்தார். அதற்குக் காசு எடுத்த நம் கையைத் தட்டிவிட்டார்.

கார் ஏற்றிய அந்தப் பெர்ரிகள் 2020 கடைசியோடு நின்றுபோயின. அன்று மாலை அவற்றில் ஒன்றில்தான் பட்டர்வொர்த் திரும்பினோம். துறை வாசலில் யாரும் காசு கேட்கவில்லை, காலையிலேயே கட்டியிருந்தோம்.