மாறிய குரல்

மதுரையில் 1922-ல் பிறந்த பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் ஆரம்பத்தில் எம்.கே.தியாகராஜ பாகவதரின் அச்சு அசல். 1950-ல் வந்த ‘கிருஷ்ண விஜயம்’ படப் பாட்டைக் கேளுங்கள். உச்சத்தில் குழையும் பாகவதர் பாணியேதான். கைதட்டல் விழுந்திருக்கும், ஆனால் பாதி பாகவதருக்கு!

1954-ல் ஆள் மாறிவிட்டார். ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்கு, ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆருக்குப் பாடினார். குரல் கனத்தது, குழைவு குறைந்தது, சொல் முன்னே வந்து நின்றது. போகப் போக சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம், எம்.ஜி.ஆருக்கு லேசாக மூக்கொலி கலந்த துள்ளல். காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் கற்ற சங்கீதம் இரண்டுக்கும் அடியில் இருந்தது.

அவர் மாறியதுபோல உங்களுக்குப் பிடித்த பாடகரும் புது ஆல்பத்தில் பாணியை மாற்றியிருந்தால், நாலு தடவை கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.