ஒரு ஜேர்சியும் ஆறு நாட்களும்

பழைய உதைபந்தாட்ட ஜேர்சிகளைச் சேகரிப்போர் தேடுவது துணியையல்ல, ஒரு பருவகாலத்தை. பிரான்ஸின் மார்செய் கழகம் 1992-93 இல் அணிந்த வெள்ளை ஜேர்சி அவ்வாறு தேடப்படுவதில் ஒன்று. 1993 மே 26 ஆம் திகதி மியூனிச் நகரில் ஏ.சி. மிலானை அவர்கள் 1-0 என வென்றார்கள். கானா நாட்டு அபெதி பெலே மூலையிலிருந்து உதைத்த பந்தை பசில் போலி தலையால் முட்டிக் கோலாக்கினார். ஐரோப்பிய சம்பியன் கிண்ணம் பிரெஞ்சுக் கழகமொன்றுக்குக் கிடைத்தது அதுவே முதற்தடவை. 2025 இல் பாரிஸ் கழகம் அதே மியூனிச்சில் வெல்லும்வரை இரண்டாவது தடவை வாய்க்கவேயில்லை.

அதற்கு ஆறு நாட்கள் முந்தி, மே 20 இல், வலென்சியென் என்ற சிறிய கழகத்தை மார்செய் 1-0 என வென்றிருந்தது. அந்த ஆட்டத்துக்கு முன்னர் வலென்சியென் வீரர்கள் மூவரிடம் பணம் பேசப்பட்டது. அவர்களில் ஒருவர், 1986 உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டினாவுக்கு வெற்றிக் கோலைப் போட்ட புருச்சாகா. மூவரில் மறுத்து, விடயத்தை வெளியே சொன்னவர் ஜாக் கிளாஸ்மான். பிறகு ஒரு வீரரின் உறவினர் வீட்டுத் தோட்டத்தைத் தோண்டி இரண்டரை இலட்சம் பிராங்குகளைப் பொலிஸார் எடுத்தார்கள். மார்செய் தலைவர் பெர்னார் தப்பி சிறை சென்றார். (1990 முதல் 1993 பெப்ரவரி வரை அடிடாஸ் நிறுவனமும் அவர் கையில்தான் இருந்தது, ஜேர்சியைத் தைத்ததும் அதே நிறுவனம்.)

பிரெஞ்சு லீக் பட்டம் பறிக்கப்பட்டது. மறுவருடம் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. ஐரோப்பியக் கிண்ணம் மட்டும் அவர்களிடமே விடப்பட்டது. மிலானை மைதானத்தில் நேர்மையாகத்தானே வென்றார்கள் என்பது அதற்கான நியாயம். எனக்கு இது முழு நியாயமாகப் படவில்லை. மிலானுடன் மோதுமுன் வீரர்கள் களைக்காமல், காயப்படாமல் இருக்கவேண்டும் என்பதே அந்த இலஞ்சத்தின் நோக்கம் எனப் பரவலாகச் சொல்லப்பட்டது. அப்படியாயின், இலஞ்சம் கொடுத்த ஆட்டத்துக்குத் தண்டனை கிடைத்தது. எதற்காகக் கொடுத்தார்களோ அது கழகச் சின்னத்தின் மேல் ஒரு நட்சத்திரமாக இன்றும் இருக்கிறது.

அப்படியானால் அந்த ஜேர்சியை விரும்பி அணிபவர் குற்றவாளியா? அவ்விரவு தெருவில் இறங்கி ஆனந்தக் கண்ணீர் விட்ட சிறுவனுக்குப் பேரம் எதுவும் தெரியாது. அவனுடைய மகிழ்ச்சியை எந்த நீதிமன்றமும் திருப்பி வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. நினைவு குற்றமற்றது என்று சேகரிப்பாளர்கள் சொல்வதில் இவ்வளவும் உண்மை. ஆனால் அறியாமல் மகிழ்ந்தது ஒன்று. அறிந்தபின் செய்தது இன்னொன்று. அறிந்தபின் அந்த இரசிகர்கள் யார்மீது கோபப்பட்டார்கள் என்பதைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. பணம் கொடுத்தவர்மீதல்ல, கிளாஸ்மான்மீது. அவர் ஆடப்போன மைதானங்களில் மார்செய்யோடு சம்பந்தமில்லாத ஊரார்கூட அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். கொண்டாட்டத்தைக் கெடுத்துவிட்டான் என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு! தப்பியின் பிழை ஒரு மனிதனின் பிழை. இதுவோ சாதாரண சனங்கள், ஒரு சதமும் வாங்காமல் செய்தது.

ஆகவே அந்த ஜேர்சியை அணியலாமா என்று கேட்டால், அணியலாம் என்றே சொல்வேன். மே 26 ஐ மட்டும் கத்தரித்தெடுத்து அணியலாம் என்பதைத்தான் ஏற்கமுடியாது. ஒரே துணி, ஒரே ஆட்கள், ஒரே கிழமை.

கிளாஸ்மானுக்கு 1995 இல் பீபாவின் நேர்மை விருது கிடைத்தது. தன் ஆட்ட வாழ்வின் கடைசிக் காலத்தைப் பிரெஞ்சுப் பெருநிலத்திலிருந்து வெகுதொலைவில், இந்து சமுத்திரத்து ரியூனியன் தீவில் அவர் கழித்தார். அந்தப் பருவகாலம் முடிவில் வலென்சியென் கழகமும் முதற்பிரிவிலிருந்து இறங்கிப்போயிற்று. அவர்களுடைய ஜேர்சியை யாரும் தேடி அலைவதாக நான் கேள்விப்படவில்லை.